வீட்டு வைபையில் தாமதமும் தளம்பலும்: யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்பீட் டெஸ்ட் 40 மெகாபிட் காட்டும். ஆனால் இணுவிலில் இருந்து ரொறன்ரோப் பிள்ளைக்கு வயலின் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியருக்கு, "டீச்சர், உங்கட சத்தம் வெட்டி வெட்டி வருது" என்ற பதில்தான் திரும்பத் திரும்பக் கிடைக்கும். உடனே பெரிய பக்கேஜுக்கு மாறுவார்கள். மாறிய பிறகும் அதே வெட்டு. நேரடியாகக் கதைக்கும் வேலைக்கு வேகம் பெரிதாகத் தேவையில்லை. ஒரு குரல் அழைப்புக்கு 100 கிலோபிட்டே தாராளம். அனுப்பிய ஒவ்வொரு துண்டும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். பக்கேஜை மாற்றினால் அது தானாகச் சரிவராது.

ஒன்லைன் வகுப்பு எடுப்பவர்கள், வெளிநாட்டுக் கம்பனிக்கு வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள், கேம் விளையாடும் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் சிக்கல் ஒன்றே. வலையமைப்புப் பற்றி எதுவும் தெரியாதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ஏனென்றால் முதல் மூன்று படிகளுக்குச் செலவு மிகக் குறைவு, பலன் மிகக் கூடுதல்.

அழைப்புக்குள் என்ன நடக்கிறது?

உங்கள் குரலைச் செயலி பொதுவாக 20 மில்லிசெக்கன் துண்டுகளாக வெட்டி, செக்கனுக்கு 50 பொதிகளாக அனுப்புகிறது. ஒரு பொதி மறுமுனைக்குப் போய்ச்சேர எடுக்கும் நேரம் தாமதம். ஒரு பொதி 130 மில்லிசெக்கனிலும் அடுத்தது 210 இலும் அதற்கடுத்தது 140 இலும் போய்ச் சேர்ந்தால், அந்த ஏற்ற இறக்கம் ஜிட்டர். இனித் தளம்பல் என்றே எழுதுகிறேன். மறுமுனையில் உள்ள செயலி வந்த பொதிகளைக் கொஞ்ச நேரம் சேர்த்து வைத்து, சீரான இடைவெளியில் ஒலிக்கவிடும். தளம்பல் கூடக்கூடச் சேர்த்து வைக்கும் நேரத்தையும் அது கூட்டிக்கொண்டே போகும். இப்படித்தான் தளம்பல் தாமதமாக மாறுகிறது. அதற்கும் பிந்தி வரும் பொதியை எறிந்துவிடும். காதில் கேட்கும் வெட்டு அதுதான்.

தூரத்தை நாம் குறைக்க முடியாது. கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் போகும். யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோ நேர்கோட்டில் ஏறக்குறைய 13,700 கிலோமீற்றர். ஆகவே போய்வர 137 மில்லிசெக்கனுக்குக் கீழே யாராலும் இறக்க முடியாது. லண்டன் 8,500 கிலோமீற்றர், போய்வர 85. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நிஜக் கணக்கு இவற்றை விடக் கூடவே இருக்கும். சென்னை இங்கிருந்து 400 கிலோமீற்றர்கூட இல்லை. ஆனாலும் பொதி பாக்குநீரிணையை நேரே தாண்டாது. முதலில் தெற்கே போய், கடலடிக் கேபிள் கரையேறும் கொழும்பு, மாத்தறைப் பக்கத்தால் சுற்றித்தான் வரவேண்டும்.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை, ஒருவழித் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்கிறது. ரொறன்ரோ அழைப்பு அந்த எல்லைக்கு அருகில் ஏற்கெனவே நிற்கிறது. வீட்டுக்குள் நாம் சேர்க்கும் ஒவ்வொரு மில்லிசெக்கனும் அதற்கு மேலேதான் ஏறும்.

சங்கீத ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு பேர் சேர்ந்து வாசிக்க ஒருவழித் தாமதம் 25, 30 மில்லிசெக்கனுக்குள் இருக்க வேண்டும். கடல் கடந்து அது நடக்காது, எந்த ரவுட்டர் வாங்கினாலும் நடக்காது. நிமிடத்துக்கு 120 அடி போகும் காலப்பிரமாணத்தில் ஓர் அடி 500 மில்லிசெக்கன். போய்வர 250 எடுத்தால் பிள்ளை அரை அடி பிந்திப் பாடுவதாகத்தான் உங்களுக்குக் கேட்கும். பிள்ளையைப் பிழை சொல்லாதீர்கள். தாளத்தைப் பிள்ளையே போடட்டும். நீங்கள் பாடி முடித்த பிறகு அது திருப்பிப் பாடட்டும்.

படி 1: அளந்து பாருங்கள்

விண்டோஸ் லப்டொப்பில் கமாண்ட் ப்ரொம்ப்ட்டைத் திறந்து ஐபிகொன்ஃபிக் (ipconfig) கட்டளையைக் கொடுங்கள். டிஃபோல்ட் கேட்வே என்ற வரியில் வரும் எண் உங்கள் ரவுட்டரின் முகவரி. பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும். சில 4ஜி ரவுட்டர்களில் 192.168.8.1. இனி இரண்டு சாளரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறவுங்கள். ஒன்றில் ரவுட்டரின் எண்ணுக்கும் மற்றதில் வெளியே உள்ள கூகுள் சேர்வரின் எண்ணான 8.8.8.8 க்கும் பிங் (ping) கொடுங்கள். ஒரு சிறு பொதியை அனுப்பி, அது போய்வர எத்தனை மில்லிசெக்கன் எடுத்தது என்று காட்டும் கட்டளை அது. கட்டளையின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் ஆங்கில ரீ எழுத்தும் போட்டால், நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். போனில் என்றால் பிங் செய்யும் இலவச ஆப் ஒன்றை இறக்கினால் போதும்.

சும்மா இருக்கும்போது சில நிமிடம் பாருங்கள். அப்புறம் பெரிய வீடியோ ஒன்றைக் கிளவுட்டில் ஏற்றத் தொடங்கி, ஏறும்போது எண்கள் என்ன செய்கின்றன என்று பாருங்கள். காலையில் ஒருமுறை, தெருவே இணையத்தில் இருக்கும் இரவு 8 மணிக்கு ஒருமுறை எழுதி வையுங்கள்.

சராசரியைப் பார்த்து ஏமாறாதீர்கள். 5, 4, 6, 5, 180, 5 என்று வந்தால் சராசரி 34 தான். ஆனால் அந்த 180 தான் குரலை வெட்டுகிறது. எப்போதாவது ஒருமுறை தாண்டுவது பிரச்சினை இல்லை. ரவுட்டர் தன் மற்ற வேலைகளை முடித்துவிட்டுத்தான் பிங்குக்குப் பதில் சொல்லும். அடிக்கடி தாண்டினால்தான் யோசிக்க வேண்டும்.

ரவுட்டருக்கான எண்ணே துள்ளினால் குறை வீட்டு வைபையில். வைபையில் 2 முதல் 5 மில்லிசெக்கன் இயல்பு; கேபிளில் 1 க்கும் கீழே. ரவுட்டர் சீராக இருக்க, பதிவேற்றம் தொடங்கியவுடன் 8.8.8.8 மட்டும் 40 இலிருந்து 600, 900 என்று ஏறினால் குறை வரிசையில். அது மூன்றாம் படி. வீட்டில் எதுவும் ஓடாத நேரத்திலும் இரவில் மட்டும் வெளி எண் துள்ளினால், குறை உங்கள் வாசலுக்கு வெளியே. எது என்று தெரியாமல் காசு செலவழிக்கக் கூடாது.

படி 2: முடிந்த இடத்தில் கேபிள்

வயர்லெஸ் பற்றிய கட்டுரையில் வயர் போடச் சொல்வது விசித்திரமாக இருக்கலாம். ஆனால் வகுப்பு எடுக்கும் லப்டொப் ஒரே மேசையில்தான் இருக்கிறது என்றால் அதற்கு வைபை எதற்கு? கேபிளில் போகும் ஒவ்வொரு கருவியும் மற்றவற்றுக்குக் காற்றில் இடம் விடுகிறது. ரீவி, டெஸ்க்டொப், சீசீரீவி பதிவுப் பெட்டி மூன்றையும் கேபிளுக்கு மாற்றினாலே போன்களின் வைபை சீராகும்.

கட் 5ஈ அல்லது கட் 6 போதும். ஒரே இழுவையாக 100 மீற்றர் வரை போகலாம். வாங்கும்போது கம்பி முழுச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிளும் கட் 6 என்ற பெயரில் விற்கப்படுகிறது. கம்பியின் நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்துவிடும். லப்டொப்பில் கேபிள் துளை இல்லாவிட்டால் யூஎஸ்பி அடப்டர் இருக்கிறது. சீ வகை யூஎஸ்பி உள்ள பல ஆண்ட்ராய்டு போன்களிலும் அது வேலை செய்யும்.

வளவுக்குள் தனியாக நிற்கும் வகுப்பறைக்கு வெட்டவெளியால் செம்புக் கேபிள் இழுக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் மின்னல் பக்கத்தில் விழுந்தால் இரண்டு பக்கக் கருவிகளும் போய்விடும். அங்கே கண்ணாடி இழை அல்லது ஒன்றையொன்று பார்த்து நிற்கும் ஒரு சோடி வெளிப்புற வைபை அன்ரெனா நல்லது.

படி 3: வாசலில் நிற்கும் வரிசை

பெரும்பாலான வீடுகளில் உண்மையான குற்றவாளி இதுதான். யாரும் சந்தேகப்படுவதும் இல்லை.

உங்கள் பதிவேற்ற வேகம் 2 மெகாபிட் என்று வையுங்கள். அம்மாவின் போன் கோயில் திருவிழாப் படங்களைக் கூகுள் போட்டோஸுக்கு ஏற்றத் தொடங்குகிறது. 4 மெகாபைட் படம் ஒன்று என்றால் 32 மெகாபிட். வெளியேற 16 செக்கன். போன் அதை வைபை வழியாக ரவுட்டருக்கு மிக வேகமாகக் கொட்டிவிடும். ரவுட்டரோ மொடமோ அதைத் தன் நினைவகத்தில் வரிசையாக அடுக்கி, 2 மெகாபிட் வேகத்தில் மெதுவாக வெளியே விடும். வரிசையில் 256 கிலோபைட் நின்றால், அதற்குப் பின்னால் வரும் உங்கள் குரல் பொதி ஒரு செக்கன் காத்திருக்க வேண்டும். ரொறன்ரோவுக்குப் போய்வரும் நேரத்தை விட உங்கள் விறாந்தைப் பெட்டிக்குள் நிற்கும் நேரம் கூட!

இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். 2010 க்குப் பிறகு கணினி நிபுணர் ஜிம் கெட்டிஸ் இதை விடாமல் எடுத்துச் சொன்னார். 2012 இல் வலையமைப்பு ஆய்வாளர்களான கத்லீன் நிக்கொல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசையின் நீளத்தைப் பார்க்காமல் பொதி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்து, அது கூடினால் சில பொதிகளை எறிந்து, அனுப்புபவரை மெதுவாக்கும் முறை அது. பின்னர் வந்த எஃப்கியூ-கோடெல், ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை வைத்து முறைமாறி அனுப்பும். படம் ஏற்றும் போன் தன் வரிசையிலேயே நிற்கும். குரல் பொதி இடையில் புகுந்து போய்விடும். கேக் என்பது அதே குடும்பத்தில் இன்னும் முன்னேறியது.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன? காசில்லாத வழி முதலில். வகுப்பு நேரத்தில் போட்டோ பக்அப், கிளவுட் ஒத்திசைவு எல்லாவற்றையும் நிறுத்தி வையுங்கள். விண்டோஸ் அப்டேட் அமைப்பில் டெலிவரி ஒப்டிமைசேஷன் என்று ஒன்று உண்டு. அது நீங்கள் இறக்கிய அப்டேட்டை இணையத்தில் வேறு கணினிகளுக்கும் ஏற்றிக் கொடுக்கலாம், அதை அணையுங்கள். கிளவுட்டுக்கு வீடியோ அனுப்பும் சீசீரீவி கமரா இருந்தால் அதன் தரத்தைக் குறையுங்கள். இருபத்துநான்கு மணிநேரமும் உங்கள் பதிவேற்றத்தைத் தின்றுகொண்டிருப்பது பல வீடுகளில் அந்தக் கமராதான்.

அடுத்தது ரவுட்டரின் அமைப்புகளில், எதற்கு முன்னுரிமை என்று தீர்மானிக்கும் கியூஓஎஸ் பக்கம். ரவுட்டரின் எண்ணை பிரவுசரில் போட்டால் அமைப்புகள் திறக்கும். அதில் மொத்த வேகத்தைக் கேட்கும் கட்டம் இருந்தால், அளந்த வேகத்தில் 85 முதல் 90 வீதத்தைப் போடுங்கள். பதிவேற்றம் 10 மெகாபிட் வந்தால் 8.5 அல்லது 9. வேகத்தை நாமே குறைப்பதா என்று கை தயங்கும். ஆனால் இப்படிச் செய்தால்தான் வரிசை மொடத்துக்குள் சேராமல், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் ரவுட்டரில் நிற்கும்.

ஆகச் சிறந்தது, ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருள் ஓடும் ரவுட்டரில் வரிசையைக் கட்டுப்படுத்தும் எஸ்கியூஎம் என்ற மென்பொருள் தொகுப்பை நிறுவி, கேக்கைத் தெரிவு செய்வது. வாங்குமுன் அந்த மொடலும் அதே வன்பொருள் பதிப்பும் ஆதரவுப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள்; ஒரே பெயரில் உள்ளே வேறு சிப் வருவது சாதாரணம். நிறுவனம் தந்த பெட்டியைக் கழற்ற முடியாவிட்டால் அதன் பின்னால் உங்கள் ரவுட்டரைக் கேபிளால் இணைத்து, எல்லாக் கருவிகளையும் புதிய ரவுட்டருக்கு மாற்றிவிடுங்கள். செய்து முடித்ததும் முதலாம் படியின் பதிவேற்றச் சோதனையை மறுபடியும் செய்யுங்கள். 900 இல் நின்ற எண் 60, 70 க்கு இறங்குவதைப் பார்க்க ஒரு சந்தோசம்தான்.

4ஜியில் ஒரு சிக்கல்: வேகம் மணிக்கு மணி மாறும். இரவில் வரும் குறைந்த வேகத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். பகலில் கொஞ்சம் வீணாகும், போகட்டும்.

படி 4: காற்று

வைபையில் ஒரு சனலில், அதாவது ஓர் அலைவரிசையில், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். ஒரே கிணறு, ஒரே துலா. பத்துப் பேர் தண்ணீருக்கு வந்தாலும் ஒருவர் அள்ளி முடியும்வரை மற்றவர்கள் நிற்க வேண்டும். பக்கத்து வீட்டு ரவுட்டர் அதே சனலில் இருந்தால் அவர்களும் உங்கள் கிணற்றடியில்தான் நிற்கிறார்கள். ஒவ்வொரு கருவியும் காற்று சும்மா இருக்கிறதா என்று கேட்டு, தற்செயலாக ஒரு சிறு நேரம் பொறுத்து, பிறகு அனுப்பும். இரண்டு மோதினால் மறுபடியும். தளம்பல் பிறக்கும் இடம் இதுதான்.

தூரத்தில் இருந்து மெதுவாகப் பேசும் கருவிதான் காற்றைக் கூட நேரம் பிடித்து வைத்திருக்கும். அதே அளவு தரவை 300 மெகாபிட்டில் அனுப்புவதைவிட 6 மெகாபிட்டில் அனுப்ப 50 மடங்கு நேரம் வேண்டும். பின்வளவில் ஒருவர் பழைய போனில் படம் பார்த்தால் முன்னறையில் உங்கள் அழைப்பு திணறுவது அதனால்தான்.

முடிந்த எல்லாக் கருவிகளையும் 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றுங்கள். இரண்டு மீடிறன்களுக்கும் ஒரே பெயர் இருந்தால் பிரித்து, 5 க்கு வேறு பெயர் வையுங்கள். அப்போதுதான் லப்டொப் எதில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். சனல் 36 முதல் 48 வரை பாதுகாப்பானது. 52 முதல் 144 வரையானவை ராடாருடன் பகிரப்படுபவை. ராடார் சமிக்ஞை கேட்டதாக நினைத்தால் ரவுட்டர் அந்தச் சனலை உடனே விட்டுப் போகவேண்டும், நடு வகுப்பில் இணைப்பு அறும். சனலின் அகலத்தை 80 மெகாஹேர்ட்ஸிலிருந்து 40 க்கு இறக்குங்கள். உச்ச வேகம் குறையும். அயல் வீடுகளுடன் மோதல் குறையும். நமக்கு வேண்டியது இரண்டாவது.

2.4 இல் இருந்தே ஆகவேண்டிய கருவிகளுக்கு 1, 6, 11 மூன்றில் ஒன்று, அகலம் 20. இடைப்பட்ட 3, 4 போன்றவற்றைப் போட்டால் இரு பக்கத்தாருடனும் மோதுவீர்கள். புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் இதே மீடிறனில்தான் இரைகின்றன. எந்தச் சனல் நெரிசல் என்று வைபை அனலைசர் வகை ஆப் காட்டும்.

சுவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் பழைய வீடுகளின் சுண்ணாம்புக்கல் சுவர் தடிப்பானது. 5 கிகாஹேர்ட்ஸ் ஒரு சுவரைத் தாண்டும்போதே களைத்துவிடும். புது வீட்டுக் கொங்கிரீற் தட்டும் அப்படியே. இழை வந்து இறங்கும் இடம் என்பதற்காக ரவுட்டரை விறாந்தை மூலையிலேயே விட்டுவிடுகிறார்கள். அங்கிருந்து கேபிள் இழுத்து வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேலே வையுங்கள். இரும்பு அலுமாரியின் மேலோ நிலைக்கண்ணாடிக்குப் பின்னாலோ வேண்டாம். நீங்கள் உட்காரும் இடத்தில் அந்த அனலைசர் ஆப் காட்டும் சமிக்ஞைப் பலம் −67 அல்லது அதைவிட நல்லதாக, −60, −55 என்று இருந்தால் பேச்சுக்குப் போதும்.

ரிப்பீற்றர் வாங்க வேண்டாம். சுவரில் செருகும் மலிவு வகை, கேட்டதை அதே சனலில் மறுபடி சொல்கிறது. ஒரே பொதி காற்றை இருமுறை பிடிக்கிறது. போனில் சமிக்ஞைக் கோடுகள் நிறையும், ஆனால் அழைப்பு வெட்டும். அதே காசுக்குக் கேபிள் இழுத்து இரண்டாவது அக்சஸ் பொயிண்ட் (கேபிளில் வருவதை வைபையாகப் பரப்பும் பெட்டி) வைப்பது எத்தனையோ மேல்.

டபிள்யூஎம்எம் என்ற அமைப்பை அணைக்காதீர்கள். குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி என நான்கு வகையாகப் பிரித்துக் குரலுக்கு முதல் இடம் கொடுப்பது அது. அணைத்தால் வைபையின் வேகமும் 54 மெகாபிட்டுக்கு விழும். வைபை 6 பல கருவிகளுக்கு ஒரே நேரத்தில் காற்றைப் பங்கிட்டுக் கொடுக்கும், நல்லதுதான். ஆனால் ரவுட்டரும் கருவியும் இரண்டுமே வைபை 6 ஆக இருந்தால்தான் அந்தப் பலன். மேலே சொன்னவற்றைச் செய்யாமல் அதை மட்டும் வாங்குவதில் பயனில்லை.

படி 5: கையில் இருக்கும் கருவி

வைபை முழுவதையும் சரிசெய்துவிட்டு புளூடூத் ஹெட்செட்டைப் போட்டால் 100, 200 மில்லிசெக்கன் திரும்பி வந்துவிடும். வயர் உள்ளது வாங்குங்கள். லப்டொப்பை சார்ஜரில் வைத்து, வைபை அடப்டரின் மின்சேமிப்பை அணையுங்கள். சேமிப்பு நிலையில் அடப்டர் அடிக்கடி உறங்கி விழிக்கும். மக் கணினியில் ஏர்டிரொப்பை அணைத்துப் பாருங்கள், அதற்காக வைபை இடையிடையே வேறு சனலுக்குப் போய்வரும்.

சூமில் இசை வகுப்பு எடுப்பவர்கள் இசைக்கலைஞர்களுக்கான ஒரிஜினல் சவுண்டைப் போடுங்கள். இல்லாவிட்டால் தம்புராவை மின்விசிறி இரைச்சல் என்று நினைத்துச் செயலி வெட்டிவிடும். ஆசிரியர் அதற்கும் இணையத்தைத் திட்டுவார். கேம் விளையாடுபவர்கள் சேர்வரைத் தெரிவு செய்ய முடிந்தால் மும்பை அல்லது சிங்கப்பூரைப் போட்டு, எது குறைவாகக் காட்டுகிறதோ அதை வைத்திருங்கள்.

படி 6: வாசலுக்கு வெளியே

4ஜி ரவுட்டர் என்றால் அதன் அமைப்புப் பக்கம் காட்டும் ஆர்எஸ்ஆர்பி அளவை, அதாவது கோபுரத்திலிருந்து வரும் சமிக்ஞையின் பலத்தை, பார்த்து இடம் தேடுங்கள். −90 க்கு அருகில் நல்லது. −110 க்குக் கீழே போனால் கஷ்டம். குடாநாட்டில் மலை மறைப்பு இல்லை. மறைப்பது கட்டடங்களும் மரங்களும்தான். நனைந்த இலை சமிக்ஞையைக் கூடவே உறிஞ்சும் என்பதால் மழை நாளிலும் ஒருமுறை அளந்து பாருங்கள். கோபுரம் இருக்கும் பக்கத்து யன்னல், அல்லது கூரைக்கு மேல் வெளி அன்ரெனா. தகரக் கூரைக்குக் கீழே நடுவீட்டில் வைக்க வேண்டாம்.

கறண்ட் ஒரு கணம் போய்வந்தாலும் ரவுட்டர் மறுபடி எழும்ப நிமிடக்கணக்கு எடுக்கும். 12 வோல்ற் மினி யுபிஎஸ் ஒன்றை ரவுட்டருக்கும் இழைப் பெட்டிக்கும் பொருத்துங்கள். இரண்டின் வோல்ற்றளவையும் பார்த்து வாங்குங்கள்.

வீட்டுக்குள் எல்லாம் சீராகி, இரவில் மட்டும் வெளி எண் துள்ளினால் சேவை நிறுவனத்திடம் முறையிடலாம். "நெற் ஸ்லோ" என்று மட்டும் சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். கேபிளில் இணைத்த கணினியில் ரவுட்டருக்கும் 8.8.8.8 க்கும் ஒரே நேரத்தில் எடுத்த பிங் பதிவை, காலை ஒன்றும் இரவு ஒன்றுமாக, நேரத்துடன் அனுப்புங்கள்; கூடவே, பொதி எந்தெந்த இடங்களைத் தாண்டிப் போகிறது என்று வரிவரியாகக் காட்டும் ட்ரேஸ்ரூட் (விண்டோஸில் tracert) கட்டளையின் வெளியீட்டையும் இணையுங்கள். ரவுட்டர் வரி 1 மில்லிசெக்கனில் நிற்க, அதற்கடுத்த வரியிலிருந்து கடைசி வரை எண்கள் கூடியே இருந்தால், குறை உங்கள் வீட்டில் இல்லை என்பதை அந்தப் பதிவை வைத்தே காட்டலாம்.